காப்பி-ஆன்-ரைட் ஃபைல் சிஸ்டமும் சின்னச் சின்ன ரைட்டும்: துண்டாதலுக்கு ரெக்ரஷன் டெஸ்ட் வைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காப்பி-ஆன்-ரைட் என்றால், மாற்றியதைப் பழைய இடத்தின் மேல் எழுதாமல் வேறு இடத்தில் எழுதுவது. ரெக்ரஷன் டெஸ்ட் என்றால், முன்பு சரியாக இருந்தது புது மாற்றத்தால் கெட்டதா என்று பார்ப்பது. லினக்ஸின் பிடிஆர்எஃப்எஸ் (btrfs) என்ற ஃபைல் சிஸ்டத்தை வைத்துத்தான் இந்தப் பக்கம் முழுவதும் பேசுகிறேன். நான் தினமும் புழங்குவது அதோடுதான். இசட்எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் இரண்டையும் பற்றிப் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அளவுகளில் 1 கேபி என்றால் 1024 பைட்.

துண்டாதல் என்று எதைச் சொல்கிறீர்கள்? ஒரே ஒரு ரைட்டை வைத்துக் காட்ட முடியுமா?

முடியும். 128 எம்பி அளவுள்ள ஒரு ஃபைல் இருக்கிறது, டிஸ்க்கில் ஒரே நீளமாகக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிடிஆர்எஃப்எஸ்-இல் ஒரு எக்ஸ்டென்ட் (டிஸ்க்கில் தொடர்ச்சியாகக் கிடக்கும் ஒரு நீளம்) அதிகபட்சம் 128 எம்பி வரை போகலாம். ஆகவே மெட்டாடேட்டா மரத்தில் (எந்தத் தரவு டிஸ்க்கில் எங்கே என்ற குறிப்புகள் இருக்கும் இடம்) இந்த ஃபைலுக்கு ஒரே ஒரு குறிப்பு போதும்.

இப்போது சரியாக 64 எம்பி இடத்தில் 4 கேபி மட்டும் மாற்றி எழுதுகிறீர்கள். பழைய இடத்தின் மேல் எழுதுவது காப்பி-ஆன்-ரைட்டில் கிடையாது. புது 4 கேபி டிஸ்க்கில் வேறெங்கோ போய் உட்காரும். மரத்தில் இருந்த ஒரு குறிப்பு மூன்றாகிறது: 0 முதல் 64 எம்பி வரை பழைய எக்ஸ்டென்ட், நடுவில் 4 கேபிக்குப் புது எக்ஸ்டென்ட், மிச்சத்துக்கு மறுபடி பழைய எக்ஸ்டென்ட். ஒரு ரைட், இரண்டு துண்டு கூடுதல். இந்தக் கணக்கை மனதில் வையுங்கள், பின்னால் டெஸ்ட்டுக்கே இதுதான் அளவுகோல்.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. பழைய எக்ஸ்டென்ட்டின் நடுவில் பயனற்றுப்போன அந்த 4 கேபி திரும்பக் கிடைப்பதில்லை. அந்த 128 எம்பியில் ஏதாவது ஒரு பிளாக்கை (இங்கே 4 கேபி) யாராவது சுட்டிக்கொண்டிருக்கும் வரை மொத்த எக்ஸ்டென்ட்டும் டிஸ்க்கில் அப்படியே இருக்கும். மோசமான நிலையில், ஒரே ஒரு பிளாக்கைத் தவிர எல்லாவற்றையும் மாற்றி எழுதியிருந்தால், 128 எம்பி ஃபைல் கிட்டத்தட்ட 256 எம்பி இடத்தைப் பிடித்திருக்கும். துண்டாதல் என்றாலே வேகம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. இடமும் போகிறது.

எஸ்எஸ்டி வந்தபிறகு இதெல்லாம் ஒரு கவலையா?

ஹார்ட் டிஸ்க்கில் இருந்த அளவு கவலை இல்லை என்பது உண்மை. தலை நகர்ந்து தேடும் நேரம் இப்போது இல்லை. ஆனால் மெட்டாடேட்டா? அதைக் கையால் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

1 ஜிபி ஃபைல், ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் 8 எக்ஸ்டென்ட். அதே ஃபைல் முழுக்க 4 கேபி துண்டுகளாகிவிட்டால் 2,62,144 எக்ஸ்டென்ட். ஃபைலின் மரத்தில் ஒவ்வொரு எக்ஸ்டென்ட்டுக்கும் 53 பைட் விவரமும் 25 பைட் தலைப்பும் சேர்த்து 78 பைட். எந்த இடம் யாருக்குச் சொந்தம் என்று குறித்துவைக்கும் எக்ஸ்டென்ட் மரத்திலும் சாதாரண நிலையில் ஒன்றுக்கு 78 பைட். இரண்டு மரமும் சேர்ந்து சுமார் 39 எம்பி. ஒற்றை டிஸ்க்கில் மெட்டாடேட்டாவை இரண்டு பிரதியாக வைத்தால் 78 எம்பி. இது, ஒவ்வொரு இலையும் (குறிப்புகள் அடங்கும், மரத்தின் கடைசி அடுக்குப் பெட்டி) முழுக்க நிரம்பியிருக்கிறது என்று தாராளமாக எடுத்துக்கொண்ட கணக்கு. நடைமுறையில் இலைகள் அப்படி நிரம்பியிருப்பதில்லை.

முன்பு ஒரு 16 கேபி இலையின் ஒரு மூலையில் அடங்கியது இப்போது ஆயிரத்துக்கு மேற்பட்ட இலைகளில் பரவிக்கிடக்கிறது. மவுன்ட் (ஃபைல் சிஸ்டத்தைப் பயன்பாட்டுக்கு இணைப்பது), ஸ்னாப்ஷாட் (ஒரு கணத்து நிலையை அப்படியே பிடித்துவைத்த பிரதி) அழிப்பு, பேலன்ஸ் (தரவை டிஸ்க்கில் மறுபடி அடுக்குவது), பேக்கப் எல்லாம் இந்த மரங்களை நடந்துதான் ஆகவேண்டும். எஸ்எஸ்டியில் அந்த வலி மெதுவாகத் தெரியும், அவ்வளவுதான்.

ஏற்கெனவே எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் தொகுப்பு இருக்கிறதே, அது இதைக் கண்டுபிடிக்காதா?

அது ஃபைல் சிஸ்டங்களுக்கான டெஸ்ட் தொகுப்பு, முக்கியமான லினக்ஸ் ஃபைல் சிஸ்டங்களை இன்று அதை வைத்துத்தான் சோதிக்கிறார்கள். முதலில் எக்ஸ்எஃப்எஸ்-க்காக எழுதப்பட்டது, இப்போது எல்லோருக்கும் பொது. ஆனால் அதன் அடிப்படை முறையைப் பாருங்கள். ஒவ்வொரு டெஸ்ட்டின் வெளியீட்டையும் முன்கூட்டியே எழுதிவைத்த சரியான வெளியீட்டோடு ஒப்பிடுகிறது. தரவு கெட்டதா, கர்னல் புலம்பியதா, டெஸ்ட் முடிந்தபின் ஃபைல் சிஸ்டம் சோதனையில் தேறியதா என்பதுதான் கேள்வி.

துண்டாதல் இந்தக் கேள்விகள் எல்லாவற்றிலும் தேறிவிடும். தரவு சரி, செக்சம் (தரவு கெட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) சரி, மரம் சரி. 20,000 துண்டு வரவேண்டிய இடத்தில் 60,000 வந்தாலும் எல்லாம் பச்சைதான். அதனால்தான் தனியாக ஒரு டெஸ்ட் தேவை, அதில் ஒரு எண் இருக்கவேண்டும், அந்த எண் ஏன் அதுவாக இருக்கிறது என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்கிறேன்.

இப்படி நிஜமாக ஏதாவது நழுவிப்போயிருக்கிறதா?

5.16 கர்னல். 2022 ஜனவரியில் வந்தது. பிளாக் அளவைவிட மெமரி பக்கம் பெரிதாக இருக்கும் இயந்திரங்களிலும் வேலை செய்யவேண்டும் என்று டீஃப்ராக் (துண்டுகளை மறுபடி ஒன்றாக்குவது) பகுதியை அதில் திருத்தி எழுதினார்கள். நோக்கம் நல்லது, தேவையானதும்கூட. வெளிவந்த சில நாட்களில், அதைத் தானாகவே செய்யும் ஆட்டோடீஃப்ராக் விருப்பம் போட்டு மவுன்ட் செய்திருந்தவர்கள் டிஸ்க் ஓயாமல் எழுதிக்கொண்டே இருப்பதாகப் புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். அதோடு இன்னொன்றும் தெரியவந்தது. ஒரே ஒரு பைட் உள்ள ஃபைலை டீஃப்ராக் செய்யச் சொன்னால், கடைசி பைட் எது என்ற கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போய் 64 பிட்டின் உச்ச எண்ணாகி, முடிவே இல்லாதது போன்ற சுழலில் கர்னல் மாட்டிக்கொண்டது.

திருத்தங்கள் அடுத்தடுத்த 5.16 நிலையான வெளியீடுகளில் வந்துவிட்டன. நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது இரண்டு. ஒரு பைட் ஃபைல் சிக்கலைச் சாதாரண டெஸ்ட் ஒன்று பிடித்திருக்கும், அப்படி ஒன்று பிறகு சேர்க்கவும்பட்டது. ஓயாமல் எழுதும் சிக்கலை அப்படிப் பிடிக்க முடியாது. அங்கே தரவு எதுவும் கெடவில்லை. எத்தனை பைட் எழுதப்பட்டது என்று எண்ணிப் பார்க்கும் டெஸ்ட் மட்டுமே அதைப் பிடிக்கும்.

இன்னொரு உதாரணம், கெட்டதிலிருந்து நல்லதுக்குப் போனது. 4.14-க்கு முன்பு எஸ்எஸ்டி மவுன்ட் விருப்பம் போட்டால் இடம் ஒதுக்கும் முறையே மாறும். டேட்டாவுக்குப் பெரிய காலி இடமாகத் தேடித் தேடிப் போய், நடுவில் சின்னக் காலி இடங்களை விட்டுக்கொண்டே வரும். 4.14-இல் டேட்டாவுக்கு அந்த முறையை எடுத்துவிட்டார்கள். அப்படியொரு மாற்றம் வரும்போது உங்கள் எண்கள் கீழே இறங்குவதையும் டெஸ்ட் காட்டவேண்டும்.

எந்த மாதிரி ரைட்டை ஓட்டிப் பார்க்கவேண்டும்?

நிஜத்தில் யார் இப்படி எழுதுகிறார்கள் என்று பாருங்கள். டேட்டாபேஸ்களில், எஸ்க்யூலைட் பக்கம் (ஒரு தடவை எழுதும் அலகு) இயல்பாக 4 கேபி, போஸ்ட்கிரெஸ் பக்கம் 8 கேபி, இன்னோடிபி பக்கம் 16 கேபி. பிறகு விர்ச்சுவல் மெஷினின் டிஸ்க் இமேஜ், லாக் ஃபைல்கள், பிரவுசரின் ஹிஸ்டரி. சிஸ்டம்டி-யின் ஜர்னல் (லினக்ஸின் சிஸ்டம் லாக்) பிடிஆர்எஃப்எஸ்-இல் துண்டாகித் துண்டாகி, கடைசியில் 2015-இல் அந்த ஃபைல்களுக்குக் காப்பி-ஆன்-ரைட்டையே நிறுத்திவைத்தார்கள்.

என் டெஸ்ட்டில் நான்கு வகை வைத்திருக்கிறேன். 1 ஜிபி ஃபைலில் 4 கேபி தாறுமாறான ரைட், ஒவ்வொன்றுக்கும் எஃப்சிங்க் (எழுதியதை உடனே டிஸ்க்கில் சேர்க்கச் சொல்லும் அழைப்பு). அதே ரைட், எஃப்சிங்க் இல்லாமல், கடைசியில் ஒரே ஒரு சிங்க். அப்புறம் வாலில் சேர்த்துக்கொண்டே போகும் 4 கேபி ரைட், ஒவ்வொன்றுக்கும் எஃப்சிங்க். கடைசியாக, முதல் வகையே, நடுநடுவே ஸ்னாப்ஷாட் எடுத்து.

இப்படி ரைட்டுகளை ஓட்டித்தரும் எஃப்ஐஓ கருவி இதற்குப் போதும், ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது. ஃபைல் முன்பே இல்லாவிட்டால், எஃப்ஐஓ தானாக ஃபாலோகேட் போட்டு இடத்தை ஒதுக்கிவிடும், தரவு எழுதாது. அப்படி முன்கூட்டி ஒதுக்கிய இடத்தில் விழும் முதல் ரைட்டுக்கு பிடிஆர்எஃப்எஸ் காப்பி-ஆன்-ரைட் செய்யாது, ஒதுக்கிய இடத்திலேயே எழுதும். நான் இரண்டு வாரம் அழகான எண்களைப் பார்த்து மகிழ்ந்தபின்தான், என் டெஸ்ட் ஒரு தடவைகூட மேலெழுதவே இல்லை என்று புரிந்தது. ஆகவே முதலில் டிடி கட்டளையால் ஃபைலை வரிசையாக முழுக்க எழுதுங்கள், சிங்க் கொடுங்கள், துண்டு எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் எஃப்ஐஓ.

எத்தனை துண்டு வந்தால் சரி? எல்லையை எப்படி முடிவு செய்வது?

'நேற்று வந்ததைவிடப் பத்து சதவீதம் கூடினால் தோல்வி' என்று வைப்பவர்கள்தான் அதிகம். அது வேலை செய்யும், ஆனால் நேற்றைய எண்ணே தப்பாக இருந்தால்? முடிந்த இடத்தில் எல்லாம் கணக்கிலிருந்து எல்லையை எடுங்கள்.

1 ஜிபி ஃபைலில் 2,62,144 பிளாக். அதில் வெவ்வேறான 10,000 பிளாக்குகளைத் தாறுமாறாகத் தொடுகிறோம். எஃப்ஐஓ இயல்பாக ஒரு பிளாக்கை இரண்டாம் முறை தொடாது. ஒரு ரைட்டுக்கு இரண்டு துண்டு கூடும் என்று பார்த்தோம், ஆக உச்சம் 20,001. தொட்ட பிளாக்குகளில் சில ஒன்றுக்கொன்று பக்கத்தில் விழும். அப்படிப்பட்ட ஜோடிகள் சராசரியாக 10,000-இன் வர்க்கத்தை 2,62,144-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 381. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு துண்டு குறையும். ஆக 19,620 சுற்றி வரவேண்டும். தொடக்கத்திலேயே ஃபைல் சில துண்டாக இருந்தால் அதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கு எஃப்சிங்க் உள்ள வகைக்கு. எஃப்சிங்க் இல்லாமல் ஒரே கமிட்டில் (ஒரே தவணையாக டிஸ்க்கில் பதிவதில்) எல்லாம் போனால், பக்கத்துப் பக்கத்து பிளாக்குகள் புது இடத்திலும் ஒட்டியே உட்காரும், ஜோடிக்கு இரண்டு துண்டு குறையும். ஆக 19,240 சுற்றி.

இந்த இரண்டு எண்ணையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 19,620, 19,240. கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் டிஸ்க்கில் கிடக்கும் கிடப்பு வேறு. எஃப்சிங்க் இல்லாதபோது கர்னல் ஃபைலின் வரிசைப்படியே எழுதித் தள்ளும். ஆகவே ஃபைலை முதலிலிருந்து படிக்கும்போது பழைய பகுதியில் ஒன்று, புது பகுதியில் ஒன்று என்று மாறி மாறிப் போனாலும் இரண்டு பக்கமும் முன்னோக்கியே நகரும். எஃப்சிங்க் இருந்தால், எந்த நேரத்தில் எழுதினோமோ அந்த வரிசையில் கிடக்கும், படிக்கும்போது புது பகுதிக்குள் தாறுமாறாகக் குதிக்கவேண்டும். எண்ணிக்கை இதைச் சொல்லாது. ஆகவே இரண்டாவதாக ஒரு அளவும் தேவை: ஒரு துண்டின் முடிவுக்கும் அடுத்த துண்டின் தொடக்கத்துக்கும் டிஸ்க்கில் உள்ள தூரம், அதில் எத்தனை தாவல் பின்னோக்கிப் போகிறது. ஒரு ஃபைலின் துண்டுகளைப் பட்டியலிடும் ஃபைல்ஃபிராக் கருவியின் விரிவான வெளியீட்டிலிருந்து பத்து வரி ஸ்கிரிப்ட்டில் எடுத்துவிடலாம்.

துண்டு எண்ணிக்கை கணக்கிட்ட உச்சத்தைத் தாண்டினால் அது நிச்சயம் ஒரு பிழை. ஒரு ரைட்டை யாரோ இரண்டாக உடைக்கிறார்கள், அல்லது டெஸ்ட் நினைத்ததைவிட அதிகம் எழுதுகிறது. மிகவும் குறைந்தாலும் சந்தேகப்படுங்கள். மேலே சொன்ன ஃபாலோகேட் குழி அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது.

ஃபைல்ஃபிராக் சொல்லும் எண்ணை அப்படியே நம்பலாமா?

இரண்டு இடத்தில் நம்பக்கூடாது.

ஒன்று, அமுக்கிய (கம்ப்ரஸ் செய்த) ஃபைல்கள். அமுக்கம் போட்டால் பிடிஆர்எஃப்எஸ் 128 கேபிக்கு ஒரு எக்ஸ்டென்ட்டாக வெட்டும். 1 ஜிபி ஃபைல், டிஸ்க்கில் வரிசையாகவே கிடந்தாலும், ஃபைல்ஃபிராக் 8,192 துண்டு என்று சொல்லும். இதைப் பார்த்துப் பயந்து டீஃப்ராக் ஓட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓட்டியபிறகும் அதே 8,192 நிற்கும், பயம் இன்னும் கூடும். டெஸ்ட்டை அமுக்கம் இல்லாமல் ஓட்டுங்கள், அமுக்கத்தோடு தனியாக வேறு எல்லை வைத்து ஓட்டுங்கள், இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடாதீர்கள்.

இரண்டாவது இதற்கு நேர் எதிர். டிஸ்க்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் பக்கத்து எக்ஸ்டென்ட்டுகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே துண்டு என்று காட்டும். வாலில் 4 கேபி சேர்த்து எஃப்சிங்க் கொடுக்கும் வகையில் இது முக்கியம். காலி டிஸ்க்கில் அடுத்தடுத்த இடத்தில்தான் எழுதும், ஃபைல்ஃபிராக் சில துண்டு என்று சொல்லி முடித்துவிடும். மரத்துக்குள்ளே போய்ப் பார்த்தால் 4 கேபிக்கு ஒரு குறிப்பு இருக்கும். முன்பு போட்ட 39 எம்பி கணக்கு இங்கேயும் அப்படியே பொருந்தும். மரத்தை வெளியே கொட்டிக்காட்டும் டம்ப்-ட்ரீ கட்டளையில் அந்த ஃபைலுக்குரிய எக்ஸ்டென்ட் குறிப்புகளை எண்ணுங்கள். நான் இரண்டு எண்ணையும் எப்போதும் சேர்த்தே பதிவு செய்கிறேன்.

வீணான இடத்துக்கு காம்ப்சைஸ் கருவி. டிஸ்க்கில் பிடித்த இடம் ஒரு பத்தியில், ஃபைல் உண்மையில் சுட்டும் இடம் இன்னொரு பத்தியில் வரும். இரண்டுக்கும் உள்ள விகிதம் தனியாக ஒரு அளவு.

புது டிஸ்க்கில் ஓட்டினால் போதாதா?

போதாது. ஆனால் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

புது டிஸ்க்கில் காலி இடம் ஒரே நீளமாகக் கிடக்கும். இடம் ஒதுக்கும் பகுதி எவ்வளவு மோசமாக இருந்தாலும் அங்கே நன்றாகத்தான் தெரியும். பல நாள் புழங்கி முதிர்ந்த ஃபைல் சிஸ்டமில் அளக்காத சோதனை ஏமாற்றும் என்பதை 1997-லேயே ஸ்மித்தும் செல்ட்சரும் எடுத்துச் சொல்லிவிட்டார்கள். செயற்கையாக முதிரவைக்கும் முறையையும் அதில் கொடுத்தார்கள்.

நான் செய்வது எளிது. 64 ஜிபி டிஸ்க்கை 85 சதவீதம் வரை வெவ்வேறு அளவு ஃபைல்களால் நிரப்புகிறேன். அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாறுமாறாக அழிக்கிறேன், மறுபடி நிரப்புகிறேன், இப்படிச் சில சுற்று. எல்லாவற்றுக்கும் ஒரே விதை எண், அதாவது தாறுமாறு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரவைக்கும் எண். முதிர்ந்த டிஸ்க்கை ஒரு இமேஜாகப் பிடித்து வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு டெஸ்ட்டும் அதன் புதுப் பிரதியிலிருந்து தொடங்கும். முதிரவைக்கும் வேலையையே ஒவ்வொரு கர்னலிலும் செய்தால், பழுது முதிர்வில் இருக்கிறதா, அளவில் இருக்கிறதா என்று பிரிக்க முடியாது. வாரம் ஒருமுறை அப்படியும் ஓட்டுவது நல்லது, ஆனால் அது வேறு டெஸ்ட்.

எண் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறுகிறதே?

எஃப்சிங்க் உள்ள வகையில், விதை எண் நிலையாக இருந்தால், மாறவே கூடாது. மாறினால் காரணத்தைத் தேடுங்கள், எல்லையைத் தளர்த்தாதீர்கள்.

எஃப்சிங்க் இல்லாத வகையில் மாறும். பிடிஆர்எஃப்எஸ் இயல்பாக 30 வினாடிக்கு ஒருமுறை கமிட் செய்யும், மெமரி நெருக்கடி வந்தால் கர்னல் முன்கூட்டியே எழுதித் தள்ளும். ரைட்டுகள் எந்த இடத்தில் இரண்டு கூட்டமாகப் பிரிந்தன என்பதைப் பொறுத்து எண் நகரும். டெஸ்ட் 30 வினாடிக்குள் முடியும்படி அளவை வைக்கலாம், அல்லது கமிட் இடைவெளியை மவுன்ட்டிலேயே நீட்டிவிடலாம். மெமரி போதுமான அளவு கொடுங்கள்.

பிளாக் அளவையும் பாருங்கள். 64 கேபி மெமரி பக்கம் உள்ள இயந்திரத்தில் ஃபைல் சிஸ்டம் 64 கேபி பிளாக்கோடு உருவாகியிருந்தால், உங்கள் 4 கேபி ரைட் அங்கே 64 கேபி ரைட். ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கும் எம்கேஎஃப்எஸ் கட்டளை கொடுக்கும்போதே பிளாக் அளவை வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

எண்ணிக்கைக்குப் பதில் நேரத்தையே அளக்கலாமே?

அளக்கலாம், பதிவு செய்யுங்கள். ஆனால் டெஸ்ட்டைத் தோல்வி என்று சொல்ல நேரத்தைப் பயன்படுத்தாதீர்கள். பகிர்ந்த இயந்திரத்தில் நேரம் பக்கத்து வேலையைப் பொறுத்து ஆடும். ஆறு மாதத்தில் யாரும் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்க்கமாட்டார்கள்.

நேரத்தைவிட நல்லது, எழுதிய செக்டார் எண்ணிக்கை. கர்னல் தன் விவரங்களைக் காட்டும் சிஸ்எஃப்எஸ்-இல் அந்த டிஸ்க்கின் ஸ்டாட் ஃபைலில் ஏழாவது எண், 512 பைட் அலகில். டெஸ்ட்டுக்கு முன்னும் பின்னும் படித்துக் கழியுங்கள். 10,000 ரைட் என்றால் தரவு சுமார் 39 எம்பி. மிச்சம் முழுக்க மெட்டாடேட்டாவும், எஃப்சிங்க்குக்காக எழுதும் லாக் மரமும். அந்த மிச்சம் ஒரு கர்னலிலிருந்து அடுத்ததற்குத் திடீரென்று ஏறினால், பயனருக்குத் தெரியும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

காப்பி-ஆன்-ரைட்டை நிறுத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

சேட்டர் கட்டளையில் பெரிய 'சி' கொடி போட்டால் அந்த ஃபைலுக்கு நிற்கும். ஃபைல் காலியாக இருக்கும்போதே போடவேண்டும். செக்சமும் அமுக்கமும் அதோடு போய்விடும். செக்சம் போவது சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. பலர் பிடிஆர்எஃப்எஸ்-க்கு வந்ததே அதற்காகத்தான்.

ஸ்னாப்ஷாட் எடுத்தால் இந்தக் கொடி இருந்தாலும் துண்டாகும். பழைய பிளாக் இப்போது ஸ்னாப்ஷாட்டுக்கும் சொந்தம், ஆகவே ஸ்னாப்ஷாட்டுக்குப் பின் ஒவ்வொரு பிளாக்கிலும் விழும் முதல் ரைட் வேறு இடத்துக்குத்தான் போகவேண்டும். இரண்டாம் முறை அதே இடத்தில் எழுதும். மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கும் சர்வரில் இந்தக் கொடியின் பயன் பெரும்பாலும் கரைந்துவிடும். டெஸ்ட்டில் இதை மூன்று படியாக வையுங்கள்: கொடி போட்டு 10,000 ரைட், எண் மாறக்கூடாது. ஸ்னாப்ஷாட் எடுத்து அதே 10,000, எண் 19,620 பக்கம் ஏறவேண்டும். மறுபடி அதே 10,000, இப்போது எண் அசையக்கூடாது. மூன்றாவது படியில் எண் ஏறினால், பிளாக் இன்னும் பகிரப்பட்டிருக்கிறது என்று ஃபைல் சிஸ்டம் தப்பாக நினைக்கிறது என்று பொருள். இந்த ஒரு டெஸ்ட் எனக்கு மிகவும் பிடிக்கும். இவ்வளவு சிறியது, இவ்வளவு தெளிவாகப் பேசும்.

டீஃப்ராகையும் இதே டெஸ்ட்டில் சேர்க்கவேண்டுமா?

கட்டாயம். டீஃப்ராக் ஓட்டு, துண்டு குறைந்ததா பார். உடனே இன்னொரு முறை ஓட்டு, எழுதிய செக்டார் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்கிறதா பார். இரண்டாம் முறையும் முழு ஃபைலையும் எழுதினால், தான் முடித்த வேலையை அதற்கு அடையாளம் தெரியவில்லை. அமுக்கிய ஃபைலிலும் இதே இரட்டை ஓட்டத்தை வையுங்கள். 128 கேபி எல்லையைத் தொட்டுவிட்ட எக்ஸ்டென்ட்டை மறுபடி எழுதுவதால் எந்தப் பயனும் இல்லை. அப்புறம் 0 பைட், 1 பைட், 4095, 4096, 4097 பைட் ஃபைல்கள்.

ஆட்டோடீஃப்ராக் 64 கேபிக்குக் குறைந்த தாறுமாறான ரைட்டுகளைக் கண்டு, ஃபைலை வரிசையில் போட்டுப் பிறகு சரிசெய்யும். அதைச் சோதிக்கும்போது டிஸ்க் எப்போது அமைதியாகிறது என்று பாருங்கள். ரைட்டை நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்தும் செக்டார் எண் ஏறிக்கொண்டிருந்தால் தோல்வி. 5.16-இல் நடந்ததை இந்த ஒரு வரி பிடித்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. டீஃப்ராக் ஸ்னாப்ஷாட்டோடு உள்ள பகிர்வை உடைக்கும். 3.9 கர்னலில் பகிர்வைக் காப்பாற்றும் டீஃப்ராக் வந்தது, பெரிய அளவில் தாங்காததால் 3.14-இல் நிறுத்திவிட்டார்கள். ஆகவே ஸ்னாப்ஷாட் உள்ள ஃபைலை டீஃப்ராக் செய்தபின் இடம் கூடுவது பழுது அல்ல, டெஸ்ட்டில் அதை எதிர்பார்த்த விளைவாகவே எழுதிவையுங்கள்.

இசட்எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ்-க்கு இதே டெஸ்ட் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. இசட்எஃப்எஸ்-இல் ரெக்கார்டு அளவு இயல்பாக 128 கேபி. 4 கேபி மாற்றினால் 128 கேபி ரெக்கார்டு முழுவதையும் புதிதாக எழுதும். துண்டு அதற்குக் கீழே சிறுக்காது, பதிலுக்கு எழுதும் அளவு 32 மடங்கு. அங்கே நீங்கள் முதலில் பார்க்கவேண்டியது எழுதிய பைட்டுகள். இன்னொன்று, இசட்பூல் பட்டியலில் ஃபிராக் என்று வரும் சதவீதம் காலி இடம் எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதைச் சொல்வது. ஃபைல்கள் சிதறியதை அது சொல்லாது. அதை எல்லையாக வைத்து எழுதிய டெஸ்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

எக்ஸ்எஃப்எஸ்-இல் ரீஃப்லிங்க் (தரவை நகலெடுக்காத பிரதி) செய்து பகிர்ந்த பிளாக்குகளுக்கு மட்டும்தான் காப்பி-ஆன்-ரைட். அப்போதும் துண்டாவதைக் குறைக்க, இயல்பாக 32 பிளாக் அளவுக்கு இடத்தை முன்கூட்டிப் பிடித்துவைக்கும். ஆகவே பக்கத்துப் பக்கத்து ரைட்டுகள் அங்கே ஒன்றாகச் சேர வாய்ப்பு அதிகம். என் 2 மடங்கு கணக்கை அங்கே உச்ச எல்லையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் தோற்றுவிட்டது. எந்த மாற்றத்தால் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கிட் பைசெக்ட். ஒரு கர்னல் வெளியீட்டில் 10,000-க்கு மேல் கமிட் (இங்கே, கோடில் செய்த மாற்றம்) வரும், ஆனால் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் சுமார் 14 சுற்றில் முடிந்துவிடும். கர்னலைக் கட்டி, விர்ச்சுவல் மெஷினில் ஏற்றி, முதிர்ந்த இமேஜின் பிரதியில் டெஸ்ட்டை ஓட்டும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி பைசெக்ட் ரன்னுக்குக் கொடுங்கள். எண் எல்லைக்குள் இருந்தால் 0, தாண்டினால் 1, கர்னல் கட்டவோ ஏறவோ முடியாவிட்டால் 125 என்று திருப்பவேண்டும். 125 என்றால் அந்தக் கமிட்டை விட்டுவிட்டு வேறொன்றைப் பார்க்கும். இந்த 125-ஐ மறந்து 1 கொடுத்துவிட்டால், சம்பந்தமே இல்லாத ஒருவரின் கமிட்டில் போய் நிற்பீர்கள்.

தேடலை பிடிஆர்எஃப்எஸ் அடைவுக்குள் மட்டும் சுருக்கினால் சுற்றுகள் பாதியாகலாம், ஆனால் நான் முதலில் அதைச் செய்வதில்லை. எஃப்சிங்க் இல்லாத வகை தோற்று, எஃப்சிங்க் உள்ள வகை தேறியிருந்தால், காரணம் மெமரி பக்கங்களை எழுதித் தள்ளும் பொதுப் பகுதியில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இரண்டும் சேர்ந்து தோற்றிருந்தால் இடம் ஒதுக்கும் பகுதியிலிருந்து தொடங்குங்கள். புகார் எழுதும்போது இரண்டு கர்னலின் எண்களோடு, விதை எண், பிளாக் அளவு, மவுன்ட் விருப்பங்கள், முதிரவைத்த ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். அதைப் படிப்பவர் தன் மேசையில் அதே 19,620-ஐ முதல் முயற்சியிலேயே பார்க்க முடியவேண்டும்.